விசா இருக்கு, ஆள் இல்லை!

அத்தியாயம் 3

“மேடம், என்னைக் காணோம்!”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மனிதர் இப்படிச் சொன்னதும், துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளனான வாலு, மேஜையிலிருந்து காலை இறக்கிவிட்டுப் பேனாவை எடுத்தான்.

“கடைசியா உங்களை எப்ப பார்த்தீங்க சார்?”

“காலைல. கண்ணாடியில.”

“என்ன சட்டை போட்டிருந்தீங்க?”

“இதேதான்.”

“அப்ப தேடறது சுலபம்” என்று எழுதிக்கொண்டான் வாலு.

வாலு என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. யாரையாவது பின்தொடரச் சொன்னால் வால் மாதிரி ஒட்டிக்கொள்வான். வாயைத் திறந்தால் வால்தனம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துச் சிக்கனம் செய்தவர் அவனுடைய சித்தி. அந்தச் சித்திதான், சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இயங்கும் இந்த நிலையத்தின் தலைமைத் துப்பறிவாளர். வீட்டில் சித்தி, ஆபீஸில் பாஸ். வாய் தவறி மாற்றிக் கூப்பிட்டால் அன்றைக்கு டீ கிடையாது. வாலு வாரத்தில் பாதி நாள் டீ இல்லாமல்தான் இருக்கிறான்.

பாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடலை உரித்தால்தான் மூளை ஓடும். பெரிய வழக்கு வந்தால் அறை முழுக்கத் தோல். பெருக்குவது யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

“உக்காருங்க” என்றார் பாஸ். “மூக்குல ஒரு கண்ணாடி, நெத்தியில ஒண்ணு, சட்டைப் பையில ஒண்ணு. கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க.”

வந்தவர் அசந்துபோனார். “எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?”

“போன மாசம் உங்க கடையிலதான் கண்ணாடி வாங்கினேன். இன்னும் எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அதை அப்புறம் பேசிக்கலாம். விஷயத்தைச் சொல்லுங்க.”

கண்ணாடிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு ஒரே தங்கச்சி. எங்க அப்பாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டவ அவதான். அவர் காலத்துக்கப்புறம்தான் வேலைன்னு வெளிநாட்டுக்குப் போனா. நாப்பத்தஞ்சு வயசுல ஒரு நல்ல மனுஷன் கிடைச்சிருக்கார். நாளன்னைக்குக் கல்யாணம். ‘அப்பாதான் இல்ல, நீயாவது வந்து பக்கத்துல நில்லு அண்ணா. நீ வராம நான் மோதிரம் மாத்திக்க மாட்டேன்’னு சொல்லிட்டா.”

“சும்மா சொல்லியிருப்பாங்க சார்” என்றான் வாலு.

“அவளா? பிடிவாதம் எங்க குடும்பச் சொத்து தம்பி. அப்பா அதை முழுசா அவ பேர்லயே எழுதி வச்சுட்டார். நான் போகலேன்னா கல்யாணம் நடக்காது. நாளைக்குக் காலைல பிளேன்.”

“போங்களேன்!”

“விசா வேணுமே! ஒண்ணா ரெண்டா, அந்த நாட்டுக்காரங்க கேக்காதது எங்க வீட்டு மிக்ஸியோட வாரண்டி மட்டும்தான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசம் உசிரோட இருக்கணுமாம். எனக்கே அந்த உத்தரவாதம் கிடையாது. தங்கற ஹோட்டலைக் காட்டு, தங்கச்சியோட அழைப்பைக் காட்டு, ஊசி போட்டுக்கிட்டதைக் காட்டு. போற டிக்கெட் மட்டும் போதாது, திரும்பி வர்ற டிக்கெட்டையும் காட்டு. போட்டோவுல சிரிக்கக் கூடாது, காது ரெண்டும் தெரியணும், கண்ணாடி போடவே கூடாது. என்னைப் போய்க் கண்ணாடியைக் கழட்டச் சொன்னா? கழட்டினதும் கேமரா எங்க இருக்குன்னே தெரியல. போட்டோவுல நான் கதவு பக்கம் திரும்பி முறைச்சுக்கிட்டு நிக்கிறேன். நாலு தரம் எடுத்தாங்க.”

“கடைசியில கிடைச்சுதா?”

“கிடைச்சுது. விசா குத்தியாச்சு, பாஸ்போர்ட்டைக் கூரியர்ல அனுப்பியாச்சுன்னு தகவலும் வந்துச்சு. காத்திருந்தேன். வரல. இன்னிக்குக் காலைல போனைத் திறந்தா இது.”

அவர் நீட்டிய போனை வாலு வாங்கி உரக்கப் படித்தான்.

“‘தங்கள் பாஸ்போர்ட் விசா மையத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: பெறுபவர் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டார்.’”

அறையில் கடலை உடையும் சத்தம் நின்றது.

“போய்ச் சேர்ந்துட்டேனாம் மேடம்!” கண்ணாடிக்காரர் மேஜையைத் தட்டினார். “நான் இங்க இருக்கேன். ஆனா நான் அங்க போய்ச் சேர்ந்துட்டேன். அப்படின்னா என்ன அர்த்தம்? எவனோ ஒருத்தன் என் பேர்ல, என் விசாவுல ஏறிப் போயிட்டான்! நாளன்னைக்கு என் தங்கச்சி பக்கத்துல அண்ணன்னு வந்து நிக்கப் போறான்!”

வாலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? நாய்க்குட்டி, சைக்கிள், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி என்று தேடித் தேடிச் சலித்தவனுக்கு, முதல் முறையாக ஒரு சர்வதேச ஆள்மாறாட்டம்!

“யார் மேல சந்தேகம் சார்?”

“சந்தேகம் என்ன, ஆளே தெரியும். என் மச்சினன். என் பெண்டாட்டியோட தம்பி. வேலை தேடறதுதான் அவனுக்கு வேலை. மீசையை எடுத்துட்டா அப்படியே என்னை மாதிரி இருப்பான்னு எல்லாரும் சொல்லுவாங்க. நேத்துக் காலைல வெளிய போனவன் இன்னும் வீட்டுக்கு வரல.”

“மீசையோட போனாரா, இல்லாம போனாரா?” என்று கேட்டார் பாஸ்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். மேஜை மேல் வைத்து, டப்பென்று திறந்தார். உள்ளே, பட்டுத் துணியின் மேல், ஒரு முழு மீசை கிடந்தது.

“எங்க வீட்டு வாஷ்பேசின்ல இருந்துச்சு” என்றார். “எவிடன்ஸ்.”

வாலு எழுந்து நின்று அதற்கு மரியாதை செய்தான். பாஸ் மட்டும் கூட்டை மூடிவிட்டு, “வேற என்ன காணாமப் போச்சு?” என்றார்.

“அவன் கட்டில் மேல இருந்த வெள்ளை விரிப்பைக் காணோம். என் கடையிலேர்ந்து ஒட்டற டேப்பு ஒரு சுருள். தப்பிச்சு ஓடறவனுக்குப் படுக்கை விரிப்பு எதுக்கு மேடம்? அதான் எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

“வால் இங்கதான் இருக்கேன் சார்” என்றான் வாலு.

பாஸ் ஒரு கடலையை உடைத்தார். பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

“மீசை இல்ல. வெள்ளைத் துணி. டேப்பு. உங்க மச்சினன் நாடு தாண்டல. ரெண்டு தெரு தாண்டியிருப்பார். இந்தப் பக்கத்துல போட்டோ ஸ்டூடியோ எங்க இருக்கு?”

*

ஸ்டூடியோ ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. திரையை விலக்கினால், ஸ்டூலில் ஓர் ஆள் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பூப்போட்ட சுவரை மறைத்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது. காதுகள் இரண்டும் முன்பக்கம் தெரியும்படி டேப்பால் இழுத்து ஒட்டப்பட்டிருந்தன. உதட்டுக்கு மேலே, மீசை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

“மாமா!” என்று அலறினான் அந்த ஆள்.

“அடப்பாவி, நீ அங்க போகலையா?”

“எங்க மாமா?”

“வெளிநாட்டுக்குடா!”

“அதுக்குத்தானே மாமா போட்டோ எடுக்கறேன்! நீங்க விசாவுக்கு அலைஞ்சதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. முகத்தை மறைக்கிற எதுவும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சா, மீசை பாதி முகத்தை மறைக்குதேன்னு எடுத்துட்டேன். எடுத்தப்புறம் கண்ணாடியில பார்த்தா எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. அக்கா பார்த்தா சிரிப்பாளேன்னு நேத்து இங்கயே படுத்துட்டேன்.”

வாலு அவனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். “பாஸ், இவரைப் பார்த்தா சார் மாதிரி இல்ல. குடை விரிச்ச மாதிரி இருக்கார்.”

கண்ணாடிக்காரர் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். திருடன் கிடைக்காததில் யாரும் இவ்வளவு வருத்தப்பட்டு வாலு பார்த்ததில்லை. “நீயும் இங்க இருக்கே, நானும் இங்க இருக்கேன். அப்ப என் பேர்ல போய்ச் சேர்ந்தவன் எவன்டா?”

பாஸ் மச்சினனின் ஒரு காதிலிருந்து டேப்பைப் பிய்த்தார். அவன் துள்ளினான்.

“இப்ப நல்லாக் கேக்குதா? வீட்ல பகல்ல யார் இருப்பா?”

“நான்தான்.”

“இந்த வாரம் மாமாவைத் தேடிக் கூரியர்காரர் யாராவது வந்தாங்களா?”

“மாமாவைத் தேடியா? சத்தியமா இல்ல மேடம். மாமா பேரைச் சொல்லி ஒருத்தரும் வரல. வந்திருந்தா வாங்கி வச்சிருக்க மாட்டேனா? நான் என்ன அவ்வளவு பொறுப்பில்லாதவனா?”

பாஸ் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் சொல்லுகிற முகமாக இல்லை. அவ்வளவு யோசிக்கிற முகமாகவும் இல்லை.

“வாங்க, இவரையும் கூட்டிக்கிட்டு விசா மையத்துக்குப் போவோம்” என்றார் பாஸ்.

*

விசா மையத்தில் நுழைவதற்கே ஒரு விசா தேவைப்படும்போல் இருந்தது. வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார், போனை அணைக்கச் சொன்னார், பாஸின் கடலைப் பொட்டலத்தைப் பார்த்து, “இது திட உணவா, விதையா?” என்று கேட்டார்.

“ஆதாரம்” என்றார் பாஸ். காவலாளி பயந்துபோய் விட்டுவிட்டார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே இருந்த பலகையில் ‘சிரிக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. புகைப்படத்துக்கான விதிதான் அது. ஆனால் அந்த அம்மாள் அதைத் தனக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டவர்போல இருந்தார்.

“சாமி வரம் கொடுத்தாச்சு பாஸ்” என்று கிசுகிசுத்தான் வாலு. “பூசாரி கவுண்டர்ல உக்காந்திருக்காங்க.”

கண்ணாடிக்காரர் ரசீதை நீட்டினார். கவுண்டர் அம்மாள் கணினியில் தட்டினார். பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“நீங்க இங்க இல்லையே சார்.”

“இதோ நிக்கிறேனே!”

“நிக்கிறீங்க. ஆனா போய்ச் சேர்ந்துட்டதா ரெக்கார்டு சொல்லுது. பாஸ்போர்ட் எங்ககிட்ட இருக்கும்போதே ஒருத்தர் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கார்னா என்ன அர்த்தம்? விசா இல்லாம கள்ளத்தனமாப் போயிருக்கார். சாயங்காலம் வேன் வரும். கவர் தூதரகத்துக்குப் போயிடும். விசாவை ரத்து பண்ணிட்டு விசாரணை வைப்பாங்க.”

“விசாரணை எப்ப முடியும்?”

“முடியறப்ப முடியும்.”

“நாளைக்குக் காலைல பிளேன்மா! என் தங்கச்சி கல்யாணம்!”

“அதான் போய்ச் சேர்ந்துட்டீங்களே, அப்புறம் எதுக்குப் பிளேன்?” என்றார் கவுண்டர் அம்மாள். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை.

கண்ணாடிக்காரர் போட்டிருந்த இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பாவுக்கு மருந்து கொடுக்கணும், அப்பாவுக்குக் கஞ்சி வைக்கணும்னு வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சவ மேடம் அவ. நான் கடையைக் கட்டிக்கிட்டு அழுதேன், அவ அப்பாவைப் பார்த்துக்கிட்டா. அவ வாழ்க்கையில என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். பக்கத்துல வந்து நில்லுன்னா. அதுக்குக்கூட எனக்கு வக்கில்லாமப் போச்சே!”

வாலுவுக்கு அவ்வளவு நேரம் நாக்கு நுனியில் காத்திருந்த இரண்டு ஜோக்குகளும் உள்ளே போய்விட்டன.

“அம்மா, அந்தக் கவரைக் கொஞ்சம் காட்ட முடியுமா? கொடுக்க வேண்டாம், காட்டினாப் போதும்” என்றார் பாஸ்.

கவுண்டர் அம்மாள் உள்ளே போய் ஒரு தடித்த கவரை எடுத்து வந்து கண்ணாடித் தடுப்பில் ஒட்டிப் பிடித்தார். பாஸ் மூக்கு ஒட்டப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், புதுக் கண்ணாடியில் எல்லாம் இரண்டாகத் தெரிகிறதல்லவா.

“முத்திரை உடையல” என்றார். “ஒட்டின இடம் பிரியல. தோலை உடைக்காம பருப்பைத் தின்ன முடியுமா?”

“முடியாது பாஸ்.”

“அப்ப இந்தப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் யாரும் தொடல. தொடாமலே ஒருத்தர் போய்ச் சேர்ந்திருக்கார். வாலு, ஒரு கேள்வி கேக்கறேன், யோசிச்சு பதில் சொல்லு. பாஸ்போர்ட் வேண்டாம். விசா வேண்டாம். காது தெரியற போட்டோ வேண்டாம். ஹோட்டல் வேண்டாம், ஊசி வேண்டாம். திரும்பி வர்ற டிக்கெட் கேக்கவே மாட்டாங்க. அப்படி ஒரு நாட்டுக்கு மனுஷன் போய்ச் சேரணும்னா அது எந்த நாடு?”

வாலு கூரையைப் பார்த்தான். கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசித்தான். வாயைப் பிளந்தான்.

“சித்தி! மேலோகம்!”

“பாஸ்” என்று திருத்தினார் சித்தி. “ஆமாம். நம்ம ஊர்ப் பேச்சுல ஒருத்தர் ‘போய்ச் சேர்ந்துட்டார்’னா என்ன அர்த்தம்?”

கண்ணாடிக்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “நான் செத்துட்டேனா மேடம்?”

“நீங்க இல்ல. கவர் மேல இருக்கற பேரைப் படிங்க.”

அவர் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கவரின் சின்ன ஜன்னல் வழியே தெரிந்த பெயரைப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒரே ஒரு பெயர்தான் தெரிந்தது. அது அவர் பெயர் இல்லை.

“இது எங்க அப்பா பேரு.”

“குடும்பப் பேர்தான் முதல் வரியில வரும்” என்றார் கவுண்டர் அம்மாள். “உங்க பேரு ரெண்டாவது வரி. தாள் கொஞ்சம் இறங்கி, அது உள்ள மறைஞ்சிருக்கு.”

“எங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஏதும்மா? அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல். அந்தக் கட்டத்தைக் காலியா விட்டாக் கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது. அதனால அப்பா பேரை முழுசாப் போட்டேன்.”

“எல்லாரும் அதைத்தான் போடறோம்” என்றார் கவுண்டர் அம்மாள். முதல் முறையாக அவர் குரலில் ஒரு மனுஷி எட்டிப் பார்த்தார்.

பாஸ் மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார். அவன் இன்னொரு காதில் இருந்த டேப்பை இரகசியமாக உரித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, மாமாவைத் தேடி யாரும் வரலேன்னு சொன்னீங்க. சரி. மாமாவோட அப்பாவைத் தேடி யாராவது வந்தாங்களா?”

“ஓ, அவனா!” என்றான் மச்சினன். “அதை ஏன் கேக்கறீங்க மேடம். முந்தா நாள் ஒருத்தன் வந்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. மாமாவோட அப்பா பேரைச் சொல்லி, இருக்காரான்னான். ‘அவரு போய்ச் சேர்ந்துட்டாரே’ன்னேன். ‘அதுக்குள்ளயா?’ன்னு கேட்டான். வயசானவரைப் பத்தி அப்படியா கேக்கறது? ‘அதெல்லாம் ஆச்சு ரொம்ப நாள்’னேன்.”

“அப்புறம்?”

“‘நல்லபடியாப் போனாரா?’ன்னான். ‘ஒரு கஷ்டமும் இல்ல, தூக்கத்துலயே போயிட்டார்’னேன். ‘ஆமா, நைட்டுதான் சவுகரியம்’ங்கறான்! எனக்குச் சுருக்குன்னுச்சு. அதோட விட்டானா? ‘திரும்பி எப்ப வருவார்?’னு கேட்டான் மேடம்! எனக்கு வந்த கோபத்துல, ‘அங்க போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களாய்யா?’ன்னு கேட்டுட்டேன். ‘அதுவும் சரிதான் சார், அவ்வளவு நல்ல இடம்’னு சொல்லிட்டு எதையோ எழுதிக்கிட்டுப் போயிட்டான்.”

மையத்தில் வரிசையில் நின்றவர்கள், டோக்கன் வைத்திருந்தவர்கள், காவலாளி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் தன் மச்சினனின் கழுத்தைப் பிடிக்க இரண்டு கைகளையும் தூக்கினார். அப்போது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. கவுண்டர் அம்மாள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார். பலகை மேலேயே தொங்கியது, யார் மதித்தார்கள்?

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு. கவர்ல இருக்கறவர் நீங்கதான்னு நிரூபிக்கணும். போட்டோவை வச்சு நம்ப மாட்டேன். அந்தப் போட்டோவுல யாரோ கதவோட சண்டை போடறார். விரலை வைங்க.”

ரேகை பார்க்கும் கருவியில் கண்ணாடிக்காரர் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். சிவப்பு.

“காலைலேர்ந்து உங்க ஆபீஸ் போன்ல ‘ஒன்றை அழுத்தவும், ஒன்றை அழுத்தவும்’னு அழுத்தியே ரேகை தேஞ்சு போச்சும்மா” என்றார் அழாக்குறையாக.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாலு அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். விரலெல்லாம் பசை. மச்சினன் காது டேப்பைப் பிய்த்து மாமாவின் கையில்தான் கொடுத்திருக்கிறான், குப்பைத்தொட்டி தேட அவனுக்குச் சோம்பல்.

“சார், கண்ணாடி துடைக்கிற துணி!”

துணியில் நாலு தேய் தேய்த்து விரலை வைத்தார். கருவி யோசித்தது. வேன்காரர் உள்ளே வந்து, “தூதரகத்துக் கவர் இருக்கா?” என்று கேட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது.

“ஒண்ணும் இல்லப்பா, நீ போ” என்றார் கவுண்டர் அம்மாள்.

கவரைக் கையில் வாங்கியதும் கண்ணாடிக்காரர் விசா குத்திய பக்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முதல் வரியில் அப்பாவின் பெயர், பெரிய எழுத்தில்.

“அப்பாவுக்குப் பிளேன்னா உசிரு” என்றார். “மொட்டை மாடியில துணி காயப்போடும்போது சத்தம் கேட்டாப் போதும், ஈரத் துணியை ஆட்டி டாட்டா காட்டுவார். என்னிக்காவது ஏறுவேன்னு ஒரு பெட்டி வாங்கி வச்சிருந்தார். ஏறவே இல்ல.”

“பெட்டி இருக்கா?” என்று கேட்டார் பாஸ்.

“குடை வச்சிருக்கோம்.”

“குடையை வெளிய எடுங்க.”

*

மறுநாள் காலை விமான நிலையத்தில் அந்தப் பெட்டி எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றது. சக்கரம் இல்லாத காலத்துப் பெட்டி. மச்சினன் அதைத் தலையில் சுமந்து வந்திருந்தான், அதுதான் அவனுக்கு அக்கா கொடுத்த தண்டனை. வழியனுப்ப வந்தவர்களுக்கான சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடிக்காரரின் மனைவியும் பாஸும் வாலுவும் கூடவே உள்ளே வந்திருந்தார்கள்.

விமானக் கம்பெனிப் பெண் கவுண்டரிலிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். நீட்டி முழக்கி, நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிக் கூப்பிட்டாள். யாரும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

“யாருய்யா அது காது கேக்காத ஜென்மம்?” என்று அலுத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். “பின்னால இத்தனை பேர் நிக்கிறோம்.”

மூன்றாம் முறை கூப்பிட்டபோது மச்சினனுக்கு மட்டும் பொறி தட்டியது. அவன் கையை உயர்த்தி, கூடமே கேட்கும்படி வாயைத் திறந்தான்.

“மேடம், அவரு போய்ச் சே...”

பாஸ் ஒரு கைப்பிடிக் கடலையை அவன் வாயில் திணித்தார். தோலோடு.

கண்ணாடிக்காரர் அப்போதுதான் திரும்பினார். கவுண்டரைப் பார்த்தார், கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவின் பெட்டியைப் பார்த்தார். “இதோ வந்துட்டார்மா” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி அதுவரை அழாமல் இருந்தவர், எல்லோரும் சொல்வதுபோல வாய் நிறையச் சொன்னார்: “போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாலு சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்தார்.

அடுத்த நாள் சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் வாலு கடலைத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. படித்தான். ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, பிறகு உரக்கப் படித்தான்.

“‘அப்பா போய்ச் சேர்ந்துட்டார். ஹோட்டல் டிரைவர் அவர் பேரை அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். தங்கச்சி பக்கத்துல நின்னு அந்த அட்டையையே பார்த்து அழுதுக்கிட்டிருந்தா. நான் வந்ததைக்கூடக் கவனிக்கல. மோதிரம் மாத்தியாச்சு.’”

பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கடலைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

கூடவே ஒரு போட்டோவும் வந்திருந்தது. தங்கச்சியும் மாப்பிள்ளையும் நடுவில். பக்கத்தில் கண்ணாடிக்காரர், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. தங்கச்சி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்ததில் ஒரு காது தெரியவில்லை. கண் மூடியிருந்தது. பல் மட்டும் முப்பத்திரண்டும் தெரிந்தது.

“இந்தப் போட்டோவைக் கொடுத்தா உலகத்துல ஒரு நாட்டுலயும் இவருக்கு விசா தர மாட்டாங்க சித்தி” என்றான் வாலு.

சித்தி திருத்தவில்லை. கீழே குரல் கொடுத்து இரண்டு டீ கொண்டுவரச் சொன்னார்.